ஏல வளையத்தில் ஒரு பத்திரிகை நாள்

மார்லிஸ் குச்சேராவுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தெரியும் என்று எங்கள் லீக்கின் பயிற்சியாளர்கள் கேலி பேசுவார்கள். அது உண்மையல்ல. ஆல்டர் கல்லூரியின், தலைக்கவசம் மாட்டி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களை இருபது வருடத்துக்கும் மேலாக வானொலியில் சொல்லிவருபவர் அவர். தோற்றுவிட்டுத் தலை கவிழ்ந்து வரும் பயிற்சியாளரை நிறுத்தி, இரண்டாவது பாதியில் உங்கள் பையன்கள் ஏன் ஓடாமல் நடந்தார்கள் என்று கேட்கக்கூடிய ஆள். ஆனால் ஜூலைக் கடைசியில், நிருபர்கள் முன் பயிற்சியாளர்கள் எல்லோரும் வந்து உட்காரும் பத்திரிகை நாளில் மட்டும், ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"கோச், உங்க தொட்டி எங்க இருக்கு?"

தொட்டி என்றால் மாடு தண்ணீர் குடிக்கும் வட்டமான தகரத் தொட்டி. நெப்ராஸ்காவில் அது இல்லாத பண்ணை கிடையாது. ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும்போது மைதானத்தைச் சுற்றிலும் சோளம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். அது விடும் மூச்செல்லாம் ஈரமாகக் காற்றில் ஏறும். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு பையன்கள் அந்தக் காற்றில்தான் ஓட வேண்டும். வெயில் தாக்கி ஒருவன் விழுந்தால் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஐஸ் கொட்டிய தொட்டியில் அவனைக் கழுத்துவரை இறக்கிவிட வேண்டும். முதலில் உடம்பு குளிர வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இது எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மார்லிஸ் யாரையோ பறிகொடுத்திருக்க வேண்டும், மகனோ தம்பியோ, என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு மகள்கள், இரண்டு பேரும் ஓமஹாவில் சௌக்கியமாக இருக்கிறார்கள். கணவர் யூஜின் பன்றி வளர்க்கிறார். பல வருடங்களுக்கு முன் வேறொரு லீக்கில் முதலாண்டுப் பையன் ஒருவன் பயிற்சியின்போது சுருண்டு விழுந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் மாடிப்படி ஏறுவதற்குக்கூட அவனுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தச் செய்தியை எங்கள் வானொலியில் வாசித்தவர் மார்லிஸ். வாசித்து முடித்ததும் அந்தக் கல்லூரிக்கு போன் போட்டு, தொட்டி இருந்ததா என்று விசாரித்தார். இருந்தது, பூட்டிய அறைக்குள் இருந்தது என்றார்கள். அடுத்த பத்திரிகை நாளில் அவருடைய கேள்வி பிறந்தது.

அந்த நாளால் என்ன பயன் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. ஆல்டரில் வாரப் பத்திரிகை நடத்தும் எனக்கும் அந்தக் கேள்வி வராமல் இல்லை. ஒரு ஓட்டல் கூடம். அதில் கல்லூரிக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு தலைக்கவசம், அதன் பின்னால் ஒரு பயிற்சியாளரும் கோட்டு மாட்டிய இரண்டு ஆட்டக்காரர்களும். பையன்கள் கோடை முழுக்க உழைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். யார் முதலில் வருவார்கள், யார் கடைசியில் என்று பயிற்சியாளர்களே ஓட்டுப் போட்டு அறிவிப்பார்கள். ஆல்டருக்குக் கடைசிக்கு முந்திய இடம். பரம்பரைச் சொத்து மாதிரி அது எங்களை விட்டுப் போகாது. எல்லாம் வெறும் பேச்சு என்றுதான் தோன்றும்.

ஆனால் ஜூலையில் யாரும் இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தோற்றிருக்கவில்லை. காயம், மழை, நடுவர் என்று எந்தச் சாக்கும் கையில் இல்லை. ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் வரப்போகும் சனிக்கிழமையைத் தவிர எதைப் பற்றியும் பேசமாட்டார். அதற்கு முன் இந்த ஒரே நாளில்தான், யார் வேண்டுமானாலும் எழுந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அவர் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்து மேசைக்காரர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான்கு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை ஆகஸ்டில் முழுங்க முடியாது.

அந்த நாளைத்தான் ஒரு வருடம் லீக் நிறுத்தியது. இனி ஒவ்வொரு கல்லூரியும் தன் பயிற்சியாளரை வைத்துத் தானே ஒரு வீடியோ எடுத்து அனுப்பட்டும், நிருபர்கள் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவைக்கட்டும், பொருத்தமானவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. லீக்கின் துணைத் தலைவர் கிரெய்க் ஹோல்ட்ஸ் எங்கள் ஒவ்வொருவரையும் அழைத்து மரியாதையாகவே இதைச் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. போன வருடம் வந்த நிருபர்களைவிட மேசையில் மிஞ்சிய மஃபின்கள் அதிகம் என்றார், அது உண்மை. வீடியோவை இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

மார்லிஸ் தன் கேள்வியை அனுப்பினார். சில நாளில் ஆல்டரின் வீடியோ வந்தது. பயிற்சியாளர் வெய்ன் தீஸன் புல்வெளியில் நின்று பையன்களின் உழைப்பைப் பாராட்டினார். பின்னால் பாட்டு ஓடியது. தொட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

மார்லிஸ் கிரெய்க்கை போனில் பிடித்தார். அந்த உரையாடலை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதிக வித்தியாசம் இல்லை.

"உங்க கேள்வி தப்புன்னு யாரும் சொல்லல மார்லிஸ். வருஷா வருஷம் அதே கேள்விங்கிறதால விட்டுட்டாங்க."

"வருஷா வருஷம் அதே வெயில்தானே கிரெய்க்."

எழுத்தில் பதில் வாங்கித் தருவதாக கிரெய்க் சொன்னார்.

"எழுத்துல கேட்டா உங்க ஆபீஸ்ல யாராவது அழகா ஒரு பதில் எழுதிக் குடுப்பாங்க. எனக்கு அந்தாளு வாயிலருந்து வரணும். பக்கத்துல அவரோட பசங்க ரெண்டு பேரு உக்காந்து அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

லீக் நடத்தாவிட்டால் பத்திரிகை நாளைத் தானே நடத்தப்போவதாகவும் மார்லிஸ் சொன்னார். லீக்கைக் கேட்காமல் பயிற்சியாளர்களைக் கூட்டினால் இந்த வருடம் அவருக்கு அனுமதி அட்டை கிடைக்காது, தான் நினைத்தாலும் வாங்கித் தர முடியாது என்றார் கிரெய்க். அந்த அட்டை இல்லாமல் எந்த மைதானத்திலும் நிருபர் அறைக்கு ஏற முடியாது. அறைக்கு ஏற முடியாதவருக்கு வானொலியில் வேலையும் இல்லை.

அது வெறும் வேலை அல்ல. பன்றிப் பண்ணையின் வேலை யூஜினோடு பாதி, தேவாலயத்துச் சமையல் மற்ற பெண்களோடு பாதி, மகள்கள் வந்தால் வீடே அவர்களுடையது. சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்வது ஒன்றுதான் முழுக்க அவருடையது. அட்டை போனால் அதுவும் போகும். மார்லிஸுக்கு இது தெளிவாகத் தெரிந்தே இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது யூஜின் கேட்டாராம்:

"அந்த அட்டை போச்சுன்னா சனிக்கிழமையெல்லாம் என்கூட வீட்டுலதான் உக்காந்திருக்கணும். யோசிச்சியா?"

"அதை நெனச்சாதான் பயமா இருக்கு" என்றார் மார்லிஸ்.

ஓட்டல் கூடத்துக்கு வழி இல்லை. கல்லூரி அரங்கைக் கேட்கவும் முடியாது. ஆல்டரில் இவ்வளவு பேர் உட்காரக்கூடிய இன்னொரு இடம் லியோனார்ட் சூக்கப்பின் மாட்டு ஏலக் கொட்டகைதான். நடுவில் மரத்தூள் பரப்பிய வளையம், சுற்றி இரும்புக் குழாய் வேலி, மேலே ஏலம் விடுபவரின் கூண்டு, அதில் ஒரு மைக். மூன்று பக்கமும் படிப்படியாக இருக்கைகள். வியாழக்கிழமைகளில் ஏலம் நடக்கும், மற்ற நாட்களில் காலி. லியோனார்ட் உடனே சம்மதித்தார். மாடு வந்து போனால் கழுவுகிறேன், கோச்சுகள் வந்து போனாலும் ஒரு முறை கழுவிவிட்டால் போயிற்று என்றார்.

மார்லிஸ் எல்லாப் பயிற்சியாளர்களையும் அழைத்தார். வீடியோ கொடுத்தாகிவிட்டது, இனி என்ன பேச இருக்கிறது என்றார்கள் பலர். ஒருவர் சிரித்துவிட்டு போனை வைத்தார். கன்சாஸ் எல்லைக் கல்லூரியின் பிரிட்சர்ட், கொட்டகை உணவகத்தில் குழம்பு ஊற்றிய மாட்டுக்கறி சாண்ட்விச் உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றதும் வருவதாகச் சொன்னார். வெய்ன் தீஸன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆல்டருக்கு வந்து இரண்டாவது வருடம்தான். போகாதே என்று கல்லூரியில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவர் வராவிட்டால் மற்றவர்கள் வந்தும் பிரயோஜனமில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் அவர் கையில் இருந்தார்கள், அடுத்த திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம்.

மார்லிஸ் குறித்திருந்த செவ்வாய்க்கிழமை காற்று அடுப்பிலிருந்து வருவது போல் வந்தது. கொட்டகையில் நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கார்கள் நிற்பதைப் பார்த்துச் சிறப்பு ஏலம் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் பாதிப் பேர். விஷயம் தெரிந்த பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை. மார்லிஸ் ஏலக் கூண்டில் ஏறி, முன்னால் லியோனார்டின் மைக்கையும் வானொலி மைக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வானொலியில் அப்படியே நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் பிரிட்சர்ட், மாடு வரும் கதவு வழியாகத் தன் இரண்டு ஆட்டக்காரர்களுடன் வளையத்துக்குள் வந்தார். வந்து நின்றதும் தலைக்கு மேலே இருந்த பலகையில் சிவப்பு எண்கள் எரிந்தன. வளையத்தின் அடியில் எடை மேடை இருக்கிறது, அதை அணைக்க லியோனார்ட் மறந்துவிட்டார். மூன்று பேரின் எடையும் சேர்ந்து எழுநூற்று இரண்டு பவுண்டு. எங்கள் லீக்கில் ஆட்டக்காரனின் எடையை ஏற்றி எழுதாத கல்லூரி கிடையாது. பிரிட்சர்டின் கல்லூரி அச்சிட்ட தாளின்படி அந்தப் பையன்கள் இரண்டு பேர் மட்டுமே ஐந்நூற்று எண்பது. அப்படியானால் பிரிட்சர்டின் எடை நூற்றிருபத்திரண்டு பவுண்டு. அவருடைய தொப்பையைப் பார்த்துவிட்டு யாரும் அதை நம்பவில்லை.

"தீவனம் பத்தலயா கோச்?" என்று மேல் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். இன்னொருவர் விலை கேட்டார். லியோனார்ட் எடை மேடையை அணைக்கப் போனபோது வேண்டாம், இருக்கட்டும் என்று சத்தம் எழுந்தது. பிரிட்சர்டும் சிரித்துவிட்டார்.

மார்லிஸ் தன் கேள்வியைக் கேட்டார்.

"ஆர்டர் போட்டிருக்கோம். வந்துக்கிட்டு இருக்கு" என்றார் பிரிட்சர்ட்.

"நடந்து வருதா?"

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பிரிட்சர்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எப்போது ஆர்டர் போட்டீர்கள் என்று மார்லிஸ் தொடர்ந்து கேட்டதற்கு முதலில் ஜூன் என்றார், பிறகு ஜூலை என்றார்.

அடுத்து வந்தவர் ஐயோவாவிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர். தொட்டி எங்கே, யார் ஐஸ் கொட்டுவது என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவர் பேசி முடிக்கும்போது கதவருகே வெய்ன் தீஸன் நின்றிருந்தார். கல்லூரிச் சின்னம் போட்ட சட்டை அவர் மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிக்னிக்குக்குப் போட்டுப்போகும் கட்டம்போட்ட சட்டை. கூட வந்த இரண்டு பையன்களும் அப்படித்தான். கல்லூரியின் சார்பில் வந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பையன்களில் ஒருவன் எஃப்ரைன் ஒரோஸ்கோ. லெக்ஸிங்டனிலிருந்து வந்தவன், முன்வரிசையில் தடுத்து ஆடுபவன். கதவை மறைத்துக்கொண்டு நிற்கும் உருவம், ஆனால் குரல் வெளியே வராது. இந்த மாதிரி நாட்களில் ஆட்டக்காரர்களுக்கு முன்பே சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள்: அணியைப் புகழ், பயிற்சியாளருக்கு நன்றி சொல், வேறெதையும் பேசாதே.

"எங்க தொட்டி வடக்கு கேட் பக்கத்துல இருக்கு. ஐஸ் மிஷினுக்கு அடுத்தாப்ல. போன வருஷம் நானே வெச்சது" என்றார் தீஸன். தயக்கமே இல்லாமல் சொன்னார்.

அதோடு மார்லிஸ் விட்டிருக்கலாம். அவர் பையன் பக்கம் திரும்பினார்.

"எஃப்ரைன், நீ அதைப் பாத்தியாப்பா?"

அவன் பயிற்சியாளரைப் பார்த்தான், பிறகு காலடியில் இருந்த மரத்தூளைப் பார்த்தான். முதல் பதினொரு பேரில் அவனுக்கு இன்னும் இடம் உறுதியாகவில்லை; அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியவர் பக்கத்தில் நின்றார்.

"பாத்தேன் மேடம். இப்ப அங்க இல்ல."

"எங்க போச்சு?"

"கண்காட்சிக்குப் போச்சு. சின்னப் பசங்க அதுல ரப்பர் வாத்து பிடிச்சு விளையாடினாங்க. நாங்க நாலு பேருதான் தூக்கி வண்டில ஏத்தினோம். இன்னும் திரும்பி வரல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாவட்டக் கண்காட்சிக்கு அதைக் கொடுக்கச் சொன்னது யார் என்று தீஸன் கேட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த ரசிகர் சங்கத் தலைவர் எழுந்து, தான்தான் என்றார். அவர் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. எங்கள் ஊரில் தொட்டியையும் டிரெய்லரையும் யாராவது வந்து கேட்டால் இல்லையென்று சொல்லும் பழக்கமே கிடையாது. கொடுத்துவிட்டுச் சொல்லும் பழக்கமும் இல்லை.

தீஸனின் கழுத்து சிவந்தது. வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் மைக்கைத் தன் பக்கம் தரச் சொன்னார்.

"வடக்கு கேட்டுல இருக்குன்னு சொன்னேன். நான் அதைக் கடைசியாப் பாத்தது ஜூன்ல. எஃப்ரைன் சொல்றதுதான் சரி. இவன் சொல்லலன்னா திங்கக்கிழமை தொட்டி இல்லாமயே ஆரம்பிச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுப் பையனின் தோளில் கை வைத்தார். பிறகு கூண்டருகே நின்ற லியோனார்டை நிமிர்ந்து பார்த்து, கொட்டகையின் பின்பக்கம் ஏதாவது தொட்டி கிடக்கிறதா என்று கேட்டார்.

"கெடக்கு. மாடு வாய் வெச்சது."

"பரவாயில்ல, குடுங்க."

வளையத்துக்கு வெளியே நின்ற பிரிட்சர்டும் தன் வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோனார். அன்று மத்தியானம் இரண்டு பிக்கப் வண்டிகளில் இரண்டு தொட்டிகள் போயின. வீடியோவுக்குப் பாட்டுப் போட்டவர்கள் அதையும் படம் எடுத்திருக்கலாம், அவர்கள் வரவில்லை.

மறுநாள் கிரெய்க் அழைத்தார். அட்டை கிடையாது. வருத்தமாகத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் பார்க்கலாம் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள் என்றும் ஜாடையாகச் சொன்னார். எதற்காக மன்னிப்பு என்று மார்லிஸ் கேட்டார். கிரெய்க் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் அந்த ஆகஸ்டில் யாரையாவது தொட்டியில் இறக்கினார்களா என்று கேட்கிறார்கள். இல்லை. யாரும் விழவில்லை. தொட்டி வடக்கு கேட்டில் தினமும் நிரம்பிக் கிடந்தது, தினமும் சாயங்காலம் அதைக் கவிழ்த்தார்கள். அப்படியானால் இவ்வளவு கூத்தும் வீண்தானே என்று கல்லூரியைச் சேர்ந்த ஒருவர் மளிகைக் கடையில் மார்லிஸிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். ஒருத்தன் விழுந்திருந்தால் உங்களுக்குத் திருப்தியா என்று மார்லிஸ் திருப்பிக் கேட்டார். அந்த மனிதர் வாங்க வந்ததை வாங்காமலே போனார்.

செப்டம்பரின் முதல் சனிக்கிழமை ஆல்டருக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம். நிருபர் அறைக்குப் போகும் படியில் ஒரு காவலாளி நின்றார். மார்லிஸ் அந்தப் பக்கமே போகவில்லை. மைதானத்தின் கம்பிவலை வேலிக்கு வெளியே ஒரு விவசாயியின் சோயாபீன் வயல். அதன் ஓரத்தில் யூஜின் டிரெய்லரை நிறுத்தி, அதன் மேல் ஒரு சமையலறை நாற்காலியையும் குடையையும் வைத்துக் கொடுத்தார். கைபேசி வழியாகக் குரல் வானொலிக்குப் போனது. நிலையத்தின் முதலாளி அதற்குச் சம்மதித்திருந்தார். காதால் கேட்கிறவர்களுக்கு நாற்காலி எங்கே இருந்தால் என்ன என்றார்.

முதல் கால் பகுதியில் லீக்கைச் சேர்ந்த ஒரு இளைஞர் வேலியருகே வந்து, இங்கிருந்து ஒலிபரப்பக் கூடாது என்றார். வயலின் சொந்தக்காரர் டிரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் உங்க புல்லு. இந்தப் பக்கம் என் பீன்ஸ்" என்றார். இளைஞர் திரும்பிப் போனார்.

அங்கிருந்து எல்லாம் தெரிந்துவிடவில்லை. தூரத்து மூலையில் பந்தை யார் பிடித்தார்கள் என்பது மார்லிஸுக்கு இரண்டு முறை தெரியவில்லை. தெரியவில்லை என்றே வானொலியில் சொன்னார். ஒரோஸ்கோ தொடக்கத்திலிருந்தே ஆடினான். இந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால்தான் பந்து கையில் தங்கும், இல்லாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். கடைசி நிமிடம்வரை ஆல்டர் முன்னால் இருந்தது, பிறகு தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர்கள் நிருபர் அறைக்கு அடியில் உள்ள மேசைக்குப் போய்ப் பேச வேண்டும், அதுதான் லீக்கின் விதி. தீஸன் அந்தத் திசையில் பாதி தூரம் நடந்தார். நின்றார். பிறகு மைதானத்தைக் குறுக்காகக் கடந்து வேலியை நோக்கி வந்தார். படிக்கட்டுகளில் எழுந்து நின்றவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதிரணிப் பயிற்சியாளரும்கூட.

மார்லிஸ் டிரெய்லரிலிருந்து இறங்கி, வேலியின் மேல் விளிம்புக்குக் கையைத் தூக்கி மைக்கை நீட்டினார். வந்ததற்கு நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.

"கோச், நாலாவது முயற்சி. ஒரே ஒரு கஜம்தான் பாக்கி. நம்மகிட்ட பந்து இருக்கு. எதுக்கு அதை உதைச்சு அவங்க கையில குடுத்தீங்க?"

தீஸன் கம்பிவலையில் விரல்களைக் கோத்துக்கொண்டார். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தார்.